கான்பான் எங்கே கைகொடுக்காது?

கேள்வியின் சாரம் இது: ஓர் அசெம்பிளி லைனில் கான்பான், அதாவது எடுத்த சரக்கை மட்டும் மறுபடி செய்யச் சொல்லும் அட்டை முறை, போட்டார்கள். ஸ்டாக் குறைந்தது, டெலிவரி சீரானது. அந்த உற்சாகத்தில் மெஷின் ஷாப், ஹீட் ட்ரீட்மென்ட், சப்ளையர்கள் என்று எல்லா இடத்துக்கும் விரித்தார்கள். இப்போது ரேக் நிறையச் சரக்கு இருக்கிறது, தேவைப்படும் பாகம் மட்டும் இல்லை. ஆலோசகர் 'ஒழுக்கம் போதவில்லை' என்கிறார். குற்றம் ஆட்களிடமா, முறையிலா?

பெரும்பாலும் முறையில்தான். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த முறை எதிர்பார்க்கும் சூழல் அங்கே இல்லை. 'ஒழுக்கம் போதவில்லை' என்ற விளக்கம் எந்தத் தோல்விக்கும் பொருந்தும் என்பதாலேயே எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

கான்பான் அட்டை ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. 'இன்ன பாகத்தில் ஒரு பெட்டி எடுத்தாயிற்று, அதே பாகத்தை அதே அளவு மறுபடி செய்' என்று சொல்வது ஒன்று. 'அட்டை இல்லாமல் எதையும் தொடங்காதே' என்று தடுப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் தொடங்கி முடியாமல் தளத்தில் நிற்கும் சரக்குக்கு, அதாவது டபிள்யூஐபிக்கு, உச்சவரம்பு போடுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் 'அடுத்த படி கேட்ட பிறகே செய்யும் புல் முறை நல்லதா கெட்டதா' என்ற வாதம் முடிவில்லாமல் போகிறது. உச்சவரம்பு அநேகமாக எங்கேயும் பயன்படும், அதற்கும் ஒரு விலை உண்டு என்றாலும். 'எடுத்ததையே மறுபடி செய்' என்ற கட்டளைக்குத்தான் கடுமையான நிபந்தனைகள் இருக்கின்றன.

முதல் நிபந்தனை, நேற்று போனது நாளையும் போக வேண்டும். டாயிச்சி ஓனோ டொயோட்டாவில் கான்பானை வளர்த்தபோது, அதற்கு முன்னால் ஹெய்ஜுன்கா என்ற சமன்படுத்தல் இருந்தது. மாதத் திட்டம் முதலில் வரும். அதை நாள்வாரியாகச் சமமாகப் பிரிப்பார்கள். ஒரே நாளுக்குள்ளும் மாடல்களைக் கலந்து கலந்து ஓட்டுவார்கள். சப்ளையர்களுக்கும் முன்கூட்டியே மாதக் கணிப்பு போய்விடும். அட்டை செய்தது கடைசி நேரத்தின் சின்னத் திருத்தத்தைத்தான். டொயோட்டாவில் அட்டை மட்டும்தான் இருந்தது, திட்டமே கிடையாது என்று நினைத்துக்கொண்டு அட்டையை மட்டும் நகலெடுத்தவர்கள் ஏராளம்.

ஒரு பாகத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 40 தேவை, மறுபடி நிரப்ப 5 நாள், பாதுகாப்புக்கு 20% கூடுதல், ஒரு பெட்டியில் 20. வழக்கமான சூத்திரத்தின்படி 40-ஐ 5-ஆல் பெருக்கி, 20% சேர்த்தால் 240. அதை 20-ஆல் வகுத்தால் 12 அட்டை. தேவை 36-க்கும் 44-க்கும் இடையில் ஆடினால் இந்த 12 அட்டை யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாமல் ஓடும். இப்போது அதே சராசரியை வேறு மாதிரி வரவிடுங்கள்: ஒரு முழு வாரம் தினமும் 100, அடுத்த ஒன்றரை வாரம் சுழியம். கையில் இருக்கும் 240 மூன்றாம் நாள் மத்தியானத்தில் தீர்ந்துவிடும். முதல் நாள் எடுத்ததற்கான மறுநிரப்பு ஆறாம் நாள்தான் வரும். இடையில் லைன் நிற்கும், ஃபோன் பறக்கும், யாரோ ஒருவர் அட்டையே இல்லாமல் அவசர லாட் ஒன்றைப் போடச் சொல்வார். ஆறாம் நாளிலிருந்து பெட்டிகள் வரிசையாக வந்து நிரம்பும், ஆனால் அப்போது கேட்பார் இல்லை. ஷார்ட்டேஜும் ஓவர்ஸ்டாக்கும் ஒரே பாகத்தில் பத்து நாளுக்குள் வந்துவிட்டன. இங்கே யாரும் விதியை மீறவில்லை. அவசர லாட் போட்டவர்கூட ஷார்ட்டேஜ் வந்த பிறகுதான் மீறினார்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம், அந்த 100 வரப்போவது பிளானருக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்திருக்கும். ஆர்டர் கையில் இருக்கிறது. அட்டைக்குத்தான் தெரியாது, ஏனென்றால் அது நடந்து முடிந்ததை மட்டும் பார்க்கிறது. தேவையை முன்கூட்டிச் சொல்லும் தகவல் இருக்கும் இடத்தில், அதைப் பயன்படுத்தாத முறையை வைத்துக்கொண்டு சிரமப்படுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது பாகங்களின் எண்ணிக்கை. பாகத்துக்குப் பாகம் கான்பான் என்றால், ஒவ்வொரு பாக எண்ணுக்கும் ரேக்கில் குறைந்தது இரண்டு பெட்டி நிரந்தரமாக இருக்க வேண்டும். 30 பாகம் இருக்கும் லைனில் அது 60 பெட்டி. 3,000 பாகம் இருக்கும் தொழிற்சாலையில் 6,000. அவற்றில் பாதிக்கு மேல் எப்போதாவது போகும் சரக்காக இருக்கும். ஆண்டுக்கு 4 மட்டும் போகும் ஒரு ஸ்பேர் பாகத்துக்கு 50 கொள்ளும் பெட்டி இரண்டு வைத்தால், அது 25 ஆண்டுக்கான சரக்கு. பெட்டியைச் சிறிதாக்கலாமே என்றால், 2 பீஸுக்காக மூன்று மணி நேரம் மெஷினின் செட்டிங்கை மாற்ற எந்த சூப்பர்வைசரும் சம்மதிக்க மாட்டார். இதற்கிடையில் டிசைனில் ஒரு மாற்றம் வந்தால் ரேக்கில் இருப்பது அத்தனையும் ஸ்கிராப். ஆர்டர் வந்த பிறகே வரைபடம் போடும் தொழில்களில் இந்தப் பேச்சே எழாது, இன்னும் டிசைன் ஆகாத பாகத்துக்கு அட்டை எழுத முடியாது.

செட்டிங் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கிலி அறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பிரஸ், அதில் 30 விதமான பாகம், ஒரு டையை, அதாவது பாகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சை, கழற்றி அடுத்ததை ஏற்ற நான்கு மணி நேரம். அசெம்பிளி தினமும் ஒரு பெட்டி எடுத்து ஓர் அட்டையை அனுப்புகிறது. ஓர் அட்டைக்காக டை மாற்ற முடியாது, பத்து சேரட்டும் என்று பிரஸ்காரர் காத்திருக்கிறார். அது நியாயம்தான். ஆனால் அவருக்கு ஷீட் வெட்டிக் கொடுக்கும் ஷியரிங் பகுதி என்ன பார்க்கிறது? ஒன்பது நாள் ஒரு அட்டையும் வரவில்லை, பத்தாம் நாள் பத்தும் ஒன்றாக வருகின்றன. அசெம்பிளியின் தேவை கோடு போட்டதுபோல் நேராக இருக்க, இரண்டு படி தள்ளி நிற்பவருக்கு அது மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது. அந்தப் பத்தைச் சமாளிக்க அவர் தன் ரேக்கில் கூடுதலாக வைத்துக்கொள்வார். அவருக்குக் கொடுக்கும் ஸ்டீல் சப்ளையருக்கு இன்னும் மோசம். லாட் அளவு பெரிதாகும் ஒவ்வொரு படியிலும் சிக்னல் தாமதமாகிறது, பெரிதாகிறது. யாரும் கேட்காமலே திட்டப்படி செய்து தள்ளும் புஷ் முறையின் நோய் என்று நாம் திட்டும் அதே ஏற்ற இறக்கம், அட்டைகளின் வழியாகத் திரும்பவும் உள்ளே வந்துவிடுகிறது.

டொயோட்டாவுக்கு இது தெரியாமல் இல்லை. ஷிகியோ ஷிங்கோ அங்கே 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை மாற்றும் நேரத்தை 4 மணி நேரத்திலிருந்து முதலில் 90 நிமிடமாகவும் பிறகு 3 நிமிடமாகவும் குறைத்தது 1969–70 வாக்கில். 3 நிமிடம் என்றால் ஓர் அட்டைக்கும் டை மாற்றலாம். ஆகவே புல் முறைக்குச் செட்டிங் குறைப்பு முன்நிபந்தனை. ஆனால் எல்லாச் செட்டிங்கும் குறையாது. ஃபர்னஸின் வெப்பநிலையை மாற்றுவது, ரியாக்டரைக் கழுவுவது, மருந்துத் தயாரிப்பில் முந்தைய மருந்தின் மிச்சம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யும் லைன் கிளியரன்ஸ் எடுப்பது, பெயின்ட் ஷாப்பில் நிறம் மாற்றுவது போன்றவற்றில் இயற்பியலோ விதிமுறையோ ஒரு கீழ் எல்லை வைத்திருக்கிறது. ஃபர்னஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. அட்டை ஒரு பாகத்தைக் கேட்கும்; ஃபர்னஸோ ஒரே வெப்பநிலைக்கு ஒத்துப்போகும் பல பாகங்களைச் சேர்த்து ஒரு முழு லோடு கேட்கும். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஓர் ஆள் உட்கார்ந்து திட்டம் போட்டே ஆக வேண்டும்.

பல பாகக் குடும்பங்கள் ஒரே மெஷினைப் பங்குபோடும் இடத்தில் அட்டைக்கு இன்னொரு குறை இருக்கிறது: அதற்குச் சுமை தெரியாது. ஒரு பெட்டிக்கு 20 நிமிட வேலை, இன்னொரு பெட்டிக்கு 6 மணி நேர வேலை. அட்டைக் கணக்கில் இரண்டும் ஒன்று. ரேக்கில் எட்டு அட்டை தொங்கினால் அது ஒரு ஷிஃப்ட் வேலையா ஒரு வார வேலையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. பாகக் கலவை வாரந்தோறும் மாறும் இடத்தில் பாட்டில்நெக்கும், அதாவது வேலை தேங்கும் இடமும், கூடவே நகரும். இந்த வாரம் கிரைண்டிங், அடுத்த வாரம் மில்லிங். கான்பானோ ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனி வரம்பைப் போட்டு நிறுத்தியிருக்கும். நகரும் பாட்டில்நெக்குக்கு முன்னால் சரக்கு சேர வேண்டிய வாரத்தில் அதைச் சேரவிடாது.

இனி உச்சவரம்பின் விலைக்கு வருவோம். 'டபிள்யூஐபியைக் குறை, பிரச்சினை தானாக வெளியே வரும்' என்பது விரயத்தைக் குறைக்கச் சொல்லும் லீன் வட்டாரத்தில் பிரபலமான பேச்சு. பிரச்சினை வெளியே வரும், உண்மை; உற்பத்தியும் கூடவே விழும். எவ்வளவு விழும் என்பதற்கு உற்பத்தி ஆய்வாளர்கள் வாலஸ் ஹாப், மார்க் ஸ்பியர்மன் இருவரும் கொடுத்த ஓர் எளிய சூத்திரம் உண்டு. பத்து ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஒரே மெஷின், எல்லாவற்றுக்கும் ஒரே சராசரி நேரம் என்று வையுங்கள். நேரத்தில் மாற்றமே இல்லாவிட்டால் உள்ளே 10 வேலை இருந்தாலே லைன் முழுத் திறனில் ஓடும். ஆனால் வேலை நேரம் மிகவும் தாறுமாறாக, எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் இருந்தால், உள்ளிருக்கும் வேலை எண்ணிக்கையை அதோடு 9 கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 10 வேலைக்கு 53% திறன்தான் கிடைக்கும். 30 வேலைக்கு 77%. 91% வேண்டுமென்றால் 90 வேலை உள்ளே நிற்க வேண்டும். மெஷின் அடிக்கடி பழுதாகும், ரிஜெக்ஷன் வரும், ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நேரம் பத்து மடங்கு மாறும் ஒரு ஜாப் ஷாப் (ஆர்டருக்கேற்ப வெவ்வேறு வேலை செய்யும் பட்டறை) இந்த இரண்டாவது நிலைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. அங்கே டொயோட்டாவின் சரக்கு அளவைக் காப்பியடித்தால் டொயோட்டாவின் உற்பத்தி வராது. மாற்றங்களை முதலில் குறைத்ததால் அவர்களுக்குக் குறைந்த சரக்கு போதுமானதாக இருந்தது. வரிசை தலைகீழானால் பலனும் தலைகீழ்தான்.

இதோடு மெஷின் பயன்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். கணிதவியலாளர் கிங்மன் 1961-இல் தந்த தோராயச் சூத்திரத்தில் காத்திருப்பு நேரம், ஒரு வேலை எடுக்கும் சராசரி நேரத்தைப்போல், பயன்பாட்டைப் பொறுத்து 80%-இல் 4 பங்கு, 90%-இல் 9 பங்கு, 95%-இல் 19 பங்கு என்று ஏறுகிறது. மாற்றத்தின் அளவு அதை இன்னும் பெருக்குகிறது. மெஷின் எல்லாம் 95% ஓட வேண்டும், பாகக் கலவை தினமும் மாறும், ஆர்டரிலிருந்து டெலிவரி வரை ஆகும் லீட் டைம் குறைய வேண்டும், ஸ்டாக்கும் கூடாது என்று நிர்வாகம் ஒரே மூச்சில் கேட்டால், எந்த அட்டையும் அதைக் கொடுக்காது. ஆர்டரையும் கணிப்பையும் வைத்துக் கம்ப்யூட்டர் பாகத் திட்டம் போடும் எம்ஆர்பியும் கொடுக்காது, அது வேறு கதை.

பெரிய அசெம்பிளிகளில் இன்னொரு சிக்கல். ஒரு மெஷினுக்கு 300 பாகம் தேவை. ஒவ்வொன்றும் தனித்தனிச் சுழற்சியில், ஒன்றையொன்று பார்க்காமல் நிரம்புகிறது. ஒவ்வொரு பாகமும் 99% நேரம் ரேக்கில் இருக்கும் என்றே வையுங்கள். கேட்கவே நன்றாகத்தான் இருக்கிறது. 300-உம் ஒரே நேரத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 5%. பாகங்கள் 100 மட்டும்தான் என்றாலும் 37%. எந்த ஆர்டருக்கு எந்தப் பாகம் எப்போது வேண்டும் என்று கட்டி இணைக்கும் தகவல் அட்டையில் கிடையாது. ஆகவே 299 பாகத்தை வைத்துக்கொண்டு ஒன்றுக்காகக் காத்திருக்கும் காட்சி மாதக் கடைசியில் தவறாமல் வரும்.

ரீவொர்க் பற்றி ஒரு வரி: 20 பீஸ் பெட்டியில் 3 ரிஜெக்ட் ஆகி ரீவொர்க்குக்குப் போனால், அட்டை 17-உடன் போவதா, 3 திரும்பி வரும்வரை நிற்பதா, புதிதாக 3-க்கு ஓர் அட்டை போடுவதா? மூன்று ஷிஃப்ட்டில் மூன்று பதில் கிடைக்கும். நல்ல பீஸ் எத்தனை தேறும் என்பதே நிச்சயமில்லாத வார்ப்பு, சிப் போன்ற தொழில்களில் அட்டைக் கணக்கு மெல்ல மெல்ல உண்மையை விட்டு விலகிவிடும். சிப் தொழிற்சாலைகளில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சிப்கள் உருவாகும் சிலிக்கான் தகடான வேஃபர் பல நூறு படிகளைக் கடக்கும். சுற்று வடிவத்தைப் பதிக்கும் அதே லித்தோகிராஃபி பகுதிக்குப் பல பத்து முறை திரும்பத் திரும்ப வரும். வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரே மெஷின் முன்னால் முதல் வாரத்து வேஃபரும் பத்தாம் வாரத்து வேஃபரும் நிற்கும்போது, 'அடுத்த ஸ்டேஷன் கேட்டால் கொடு' என்ற விதிக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்பதே தெளிவில்லை.

வெளியிலிருந்து வரும் நீண்ட லீட் டைம் பாகங்களுக்குச் சூத்திரத்தைப் போட்டாலே பதில் கிடைத்துவிடும். 26 வாரம் ஆகும் ஒரு பாகத்துக்கு அட்டை எண்ணிக்கை அரையாண்டுத் தேவைக்கு நிகராக வரும். அதன் பிறகு அதைப் புல் என்று அழைப்பது பெயரளவில்தான். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டாவே தன் சப்ளையர்களிடம் சிப்களை 2 முதல் 6 மாதத் தேவைக்கு வைத்திருக்கச் சொன்னது; 2021-இல் மற்ற கார் நிறுவனங்கள் சிப் இல்லாமல் லைனை நிறுத்தத் தொடங்கியபோது அந்தச் சரக்கு சில மாதங்களுக்குக் கைகொடுத்தது. அதற்கும் முன்பு, 1997 பிப்ரவரி 1 அன்று அதன் சப்ளையரான ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தபோது, பிரேக்குக்கான ஒரு சிறு வால்வு இல்லாமல் ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் பெரும்பாலும் நின்றன. கையில் இருந்தது சில மணி நேரச் சரக்குதான்.

நடைமுறையில் நான் அதிகம் பார்க்கும் சீரழிவு ஒன்று உண்டு. அட்டைகள் கூடும், குறையாது. ஷார்ட்டேஜ் வந்தால் சூப்பர்வைசர் இரண்டு அட்டை சேர்ப்பார். தேவை குறைந்தபோது அதை எடுக்க யாருக்கும் நினைவிருக்காது. 3,000 பாகத்துக்கு அட்டை எண்ணிக்கையை மாதந்தோறும் திருத்துவது ஓர் ஆளின் முழுநேர வேலை. சரி, கம்ப்யூட்டரிலேயே எலெக்ட்ரானிக் கான்பான் போடுவோம், கணிப்பை வைத்து அட்டையை வாராவாரம் அதுவே கணக்கிடட்டும் என்று போனால், கையில் இருப்பது சட்டை மாற்றிக்கொண்ட எம்ஆர்பி. அதில் தப்பில்லை, ஆனால் அதைப் புல் என்று நம்பி எம்ஆர்பியின் ஒழுங்குகளை விட்டுவிட்டால் இரண்டும் கெட்டது.

அப்படியானால் என்ன செய்யலாம்? கான்பானைத் தூக்கியெறியத் தேவையில்லை. அட்டையின் இரண்டு வேலைகளையும் இரண்டு கருவிகளிடம் பிரித்துக் கொடுங்கள். எதை, எப்போது செய்வது என்பதை ஆர்டரும் திட்டமும் சொல்லட்டும். எவ்வளவு வேலையை ஒரே சமயத்தில் உள்ளே விடுவது என்பதை உச்சவரம்பு சொல்லட்டும்.

இதற்குத் தயார்நிலையில் சில வழிகள் இருக்கின்றன. ஸ்பியர்மன், உட்ரஃப், ஹாப் மூவரும் 1990-இல் முன்வைத்த கான்விப் முறையில் அட்டை எந்தப் பாகத்துக்கும் சொந்தமில்லை. லைன் முழுவதற்கும் மொத்தமாக ஒரு வரம்பு. ஒரு வேலை வெளியே போனால், ஆர்டர் பட்டியலில் அடுத்து எது இருக்கிறதோ அது உள்ளே வரும். சரக்கு எங்கே தேவையோ அங்கே, அந்த வாரத்துப் பாட்டில்நெக்குக்கு முன்னால், தானாகச் சேரும். பாகக் கலவை அதிகமென்றால் வேலைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பாட்டில்நெக்கில் அவை எடுக்கும் மணி நேரத்தை எண்ணுங்கள். பாட்டில்நெக் ஓரளவு நிலையாக ஓரிடத்தில் இருந்தால் எலியாஹு கோல்ட்ராட் சொன்ன டிரம்-பஃபர்-ரோப் (பாட்டில்நெக்கின் வேகத்துக்கு மட்டும் வேலையை உள்ளே விட்டு, அதற்கு முன்னால் கொஞ்சம் சரக்கு வைப்பது) இன்னும் எளிது. ஒவ்வோர் ஆர்டரும் செல்களுக்கிடையில் (மெஷின் குழுக்களுக்கிடையில்) வெவ்வேறு பாதையில் போகும் இடங்களுக்கு ராஜன் சூரி 1998-இல் கொடுத்த போல்கா பொருத்தம்: அங்கே அட்டை இரண்டு செல்களின் ஜோடிக்குச் சொந்தம், அடுத்த செல்லில் இடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும்; வேலையைத் தொடங்கும் தேதியைத் திட்டம் தனியாகச் சொல்லும். எனக்குக் கேட்டால், கலவை அதிகமுள்ள பெரும்பாலான இடங்களுக்கு மணி நேரக் கணக்கிலான கான்விப்பே போதும். போல்காவை ஆட்களுக்குப் புரியவைக்கவே மாதங்கள் ஆகும்.

பாகத்துக்குப் பாகம் கான்பான் எங்கே தங்கலாம்? கடந்த ஓராண்டின் வாராந்தர எடுப்பைப் பாக எண் வாரியாக எடுத்துப் போடுங்கள். ஏறக்குறைய எல்லா வாரமும் போய், அளவும் பெரிதாக மாறாத பாகங்கள் ஒரு கூட்டம். பெரும்பாலும் போல்ட், பேரிங், பல மாடல்களுக்குப் பொதுவான பாகங்கள் இதில் வரும். இவற்றில் கான்பானைத் தொடருங்கள், அதைவிட மலிவான முறை கிடையாது. அடிக்கடி போனாலும் அளவு மாறுகிறவை இரண்டாவது கூட்டம். இவற்றுக்குக் கான்பான் வைக்கலாம், ஆனால் வரும் ஆர்டர்களைப் பார்த்து அட்டையைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும், சேர்த்த அட்டைக்கு எடுக்கும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். எப்போதாவது போகிறவை, ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் போகிறவை மூன்றாவது கூட்டம். இவற்றின் அட்டைகளை எடுத்துவிட்டு, ஆர்டர் வந்தால் மட்டும் செய்யுங்கள். எண்ணிக்கையில் பெரும்பகுதி இந்தக் கூட்டத்தில்தான் இருக்கும், ரேக்கில் அடைந்து கிடக்கும் சரக்கும்தான்.

உச்சவரம்பை எவ்வளவில் வைப்பது என்பதற்குச் சூத்திரம் தேட வேண்டாம். இன்று தளத்தில் எவ்வளவு வேலை நிற்கிறதோ அதையே மணி நேரத்தில் கணக்கிட்டு முதல் வரம்பாக வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமார் 10% குறையுங்கள். பாட்டில்நெக் வேலை இல்லாமல் நிற்கும் நாள் வரத் தொடங்கினால், காரணம் பழுதா, ரிஜெக்ஷனா, செட்டிங்கா என்று பாருங்கள். அதைச் சரிசெய்ய முடிந்தால் சரிசெய்துவிட்டுத் தொடருங்கள். முடியாவிட்டால் ஒரு படி மேலே ஏற்றி அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.